லாரியும் எங்க ஊரு மலையும்

பொன்னியின் செல்வன் ரெண்டு பாகமும் (2022, 2023) வந்து போயாச்சு. ஆனா "நாவல்ல அப்படி இல்லையே" சண்டை மட்டும் இன்னும் ஓயலை. கல்கி 1950ல ஆரம்பிச்சு 1954 வரைக்கும் வாராவாரம் எழுதின அஞ்சு பாகத்தை அஞ்சரை மணி நேரத்துல அடக்கினா, யாரோ ஒருத்தருக்குப் பிடிச்ச காட்சி காணாமத்தான் போகும். எங்க சொந்தக்காரர் ஒருத்தர் படத்தோட முடிவைப் பத்தி இன்னிக்கும் மணிரத்னத்தைத் திட்டிட்டுத்தான் காபியே குடிக்கிறார்.

எனக்கு அந்தச் சண்டையில பெருசா ஆர்வம் கிடையாது. ஏன்னா எனக்குன்னு தனியா ஒரு சண்டை இருக்கு. எங்க ஊர்ல விதை விழுந்த ஒரு நாவல். உலகம் பூரா படிச்ச நாவல். ஹாலிவுட்காரங்க ரெண்டு தடவை அதைப் படமா எடுத்தாங்க. ரெண்டு தடவையும் எங்க ஊரைக் காணோம்!

சாமர்செட் மாம் எழுதிய "தி ரேஸர்ஸ் எட்ஜ்" தான் அது. 1944ல வந்தது. கத்தி முனையில நடக்கிறதுன்னு நாம சொல்றோமில்லையா, அந்த மாதிரி அர்த்தம் வர்ற தலைப்பு. கடோபநிஷத்துலேருந்து எடுத்தது. தலைப்பே நம்மகிட்ட கடன் வாங்கினதுதான் :)

சரி, எங்க ஊருக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு கேக்குறீங்களா? கொசுவத்தியை 1938க்குச் சுத்துங்க.

மாம் அப்ப ரொம்பப் பெரிய எழுத்தாளர். வயசு 64. அந்த வருஷம் இந்தியாவைச் சுத்திப் பாக்க வந்தவர், மெட்ராஸ்லேருந்து கார்ல திருவண்ணாமலைக்கு வந்தார், ரமணரைப் பாக்க. வந்த இடத்துல மயக்கம் போட்டு விழுந்துட்டார். தூக்கிட்டுப் போய் ஒரு குடிசையில கட்டில்ல படுக்க வெச்சாங்க. விஷயம் கேள்விப்பட்ட ரமணர் தானே எழுந்து வந்து அவர் பக்கத்துல உக்காந்தார். ரொம்ப நேரம் ஒண்ணும் பேசலை. மாம், தன்னால பேச முடியலைன்னு சொன்னப்ப, மௌனமும் ஒரு பேச்சுதான்ங்கற அர்த்தத்துல ரமணர் சொன்னதா மாமே எழுதியிருக்கார்.

இதுக்கு அப்புறம் நடந்ததுதான் தமாஷ். மாமுக்கு சமாதி நிலை கைகூடிச்சு, அதான் மயங்கிட்டார்னு ஊரெல்லாம் கதை பரவிடுச்சு. மனுஷன் டாக்டருக்குப் படிச்சவர். எனக்கு இதுக்கு முன்னாடியும் இப்படி மயக்கம் வந்திருக்கு, உடம்புல ஒரு கோளாறு, அவ்வளவுதான்னு எழுதிட்டார். இந்த நேர்மை எனக்குப் பிடிக்கும். எங்க ஊர் வெயில்ல உள்ளூர்க்காரனே கிறுகிறுத்து உக்காந்துடுவான். லண்டன் பாரிஸ்னு இருந்தவர் விழுந்தா அதுல என்ன அதிசயம்?

அப்போ ஆசிரமத்துல இருந்த மேஜர் சாட்விக்னு ஒரு வெள்ளைக்காரர் (சாது அருணாசலான்னு பேர் வெச்சுக்கிட்டவர்) இன்னொரு விவரம் எழுதியிருக்கார். சாயங்காலம் மாம், ரமணர் வழக்கமா இருக்கிற ஹாலைப் பாக்கணும்னு ஆசைப்பட்டாராம். ஆனா கால்ல பெரிய பூட்ஸ். அதனால சாட்விக் அவரை மேற்கு ஜன்னல் பக்கம் கூட்டிட்டுப் போய் வெளியிலேருந்து எட்டிப் பாக்க வெச்சார். மாம் கொஞ்ச நேரம் கவனமா பாத்துக்கிட்டிருந்தார்.

எனக்கு அந்த நாவலே அப்படி ஒரு பூட்ஸைக் கழட்டாம ஜன்னல் வழியா எட்டிப் பார்த்த நாவல்தான்னு தோணும். இதைக் குறையா சொல்லலை. ஜன்னல் வழியா பாத்தே இவ்வளவு எழுதியிருக்காரேன்னு ஆச்சரியப்பட்டுதான் சொல்றேன்.

கதைச் சுருக்கம், படிக்காதவங்களுக்காக. லாரி டாரல் (லாரின்னா தண்ணி லாரி இல்லீங்க, பையன் பேரு) அமெரிக்காவுல சிகாகோ பக்கத்துப் பையன். முதல் உலகப்போர்ல விமானம் ஓட்டப் போறான். அங்க அவன் சிநேகிதன் இவனைக் காப்பாத்தப் போய் உயிரை விட்டுடறான். திரும்பி வந்த லாரிக்கு எதுலயும் மனசு ஒட்டலை. ஐசபெல்னு ஒரு பொண்ணோட கல்யாணம் நிச்சயம். பணக்கார சிநேகிதன் கிரே வேலை போட்டுத் தர்றேங்கறான். வேண்டாங்கறான். பின்ன என்னதான் பண்ணப் போறேன்னு கேட்டா, "சும்மா இருக்கப் போறேன்" னு சொல்றான்.

ரெண்டு வருஷம் டைம் கொடுக்கறா ஐசபெல். அவன் பாரிஸ் போறான், படிக்கிறான். ரெண்டு வருஷம் கழிச்சும் திரும்பி வர மாட்டேங்கறான். நீயும் வா, இருக்கிற கொஞ்ச வருமானத்துல வாழ்ந்துக்கலாம்னு கூப்பிடறான். அவ மோதிரத்தைக் கழட்டிட்டு கிரேயைக் கட்டிக்கிறா. லாரி சுரங்கத்துல வேலை பாக்குறான், ஊர் ஊரா சுத்துறான், கடைசியா இந்தியா வர்றான். ஸ்ரீ கணேசான்னு ஒரு மகானோட ஆசிரமத்துல ரெண்டு வருஷம் இருக்கான். அந்த மகான்தான் எங்க ஊர் ரமணரோட சாயல். ஆனா மாம் அவரைத் திருவிதாங்கூருக்கு மாத்திட்டார். மலைக்காட்டுல ஒரு காட்டிலாகா பங்களாவுல தங்கியிருக்கறப்ப, ஒரு விடியக்காலையில லாரிக்கு ஏதோ ஒண்ணு கிடைக்குது. திரும்பிப் போறான். சொத்தையெல்லாம் விட்டுட்டு நியூயார்க்ல டாக்ஸி ஓட்டப் போறேங்கறான்.

லாரி யாருன்னு அப்பவே பெரிய ஆராய்ச்சி நடந்திருக்கு. எழுத்தாளர் கிறிஸ்டோபர் இஷர்வுட்தான்னு டைம் பத்திரிகையில எழுதப்போக, அவர் நான் இல்லைய்யான்னு கடிதம் போட்டு மறுத்தார். எங்க ஊர்க்காரங்களைக் கேட்டா சுலபமா பதில் சொல்லிடுவாங்க. நவம்பர்லேருந்து பிப்ரவரி வரைக்கும் செங்கம் ரோட்டுல வந்து நில்லுங்க. மணிக்கு பத்து லாரி போகும். தண்ணி லாரியைச் சேக்காம :)

இப்ப படத்துக்கு வருவோம்.

முதல் படம் 1946. டொன்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ், எட்மண்ட் கோல்டிங் டைரக்‌ஷன். டைரோன் பவர்தான் லாரி. நல்ல சினிமா அழகன். மாமே ஒரு திரைக்கதை எழுதிக் கொடுத்தார், அதை ஓரமா வெச்சுட்டு லமார் ட்ராட்டி எழுதினதைத்தான் எடுத்தாங்க. (எழுத்தாளர்களுக்கு சினிமாக்காரங்க கொடுக்கிற மரியாதை எல்லா ஊர்லயும் ஒண்ணுதான்!) சோஃபிங்கற பாத்திரத்துல நடிச்ச ஆன் பாக்ஸ்டருக்கு ஆஸ்கர் கிடைச்சது. இதுல நம்ம மகான் வர்றார். வெள்ளைத்தாடி வெச்ச வெள்ளைக்கார நடிகர். மலைன்னு சொல்லி செட் போட்டு, மேகம், ஒளி எல்லாம் விட்டிருப்பாங்க. நம்ம பழைய பக்திப் படத்துல சாமி பிரத்யட்சமாகிற சீன் மாதிரியே இருக்கும். பாக்க நல்லாத்தான் இருக்கும், ஆனா தெரிஞ்சுடும்.

ரெண்டாவது 1984. இதைப் பத்தித்தான் இந்தப் பதிவே. ஜான் பைரம் டைரக்‌ஷன். லாரியா நடிச்சது யாரு தெரியுமா? பில் மர்ரே. காமெடி நடிகர்! நம்ம ஊர்ல இதுக்கு ஒப்பா சொல்லணும்னா, வடிவேலு பட்டினத்தார் வேஷம் கட்டின மாதிரின்னு வெச்சுக்கோங்க. பைரமோட சேந்து திரைக்கதையும் அவரே எழுதினார். இந்தப் படத்துக்குப் பணம் போட யாரும் தயாரா இல்லை. "கோஸ்ட்பஸ்டர்ஸ்" ல நான் நடிக்கிறேன், பதிலுக்கு இதை எடுங்கன்னு கொலம்பியா கம்பெனியோட ஒப்பந்தம். 1984 ஜூன்ல பேய்ப்படம் வந்து சக்கைப்போடு போட்டது. அக்டோபர்ல லாரி வந்து சத்தமில்லாம சுருண்டு படுத்தது. விமர்சகர்களும் கிழிச்சுட்டாங்க. மர்ரே சில வருஷம் நடிப்பை விட்டுட்டு பாரிஸ்ல போய் படிச்சுக்கிட்டிருந்தார். கதையில லாரி பண்ணதையே இவர் நிஜத்துல பண்ணிட்டார்.

நாவல்ல மாமும் ஒரு பாத்திரமா வருவார், அவர்தான் கதையைச் சொல்லுவார். இந்தப் படத்துல அவரைத் தூக்கிட்டாங்க. லாரி விமானம் ஓட்டலை, ஆம்புலன்ஸ் ஓட்டறான். ஸ்ரீ கணேசா போயே போயிட்டார். லாரி இந்தியா வர்றான், படகுல நம்ம சயீத் ஜாஃப்ரி வர்றார், அங்கேருந்து நேரா பனிமலைக்குப் போய், ஒரு புத்த மடத்துல லாமாகிட்ட சேந்துடறான். இந்தியாவுல வந்துதான் எடுத்தாங்க. ஆனா இமயமலைப் பக்கம்.

ஆக 1938ல எங்க ஊர்ல ஒரு குடிசையில நடந்தது, 44ல திருவிதாங்கூர் காட்டுக்குப் போய், 46ல ஸ்டூடியோ மலைக்கு ஏறி, 84ல பனிமலை உச்சிக்கே போயிடுச்சு. ஒவ்வொரு தடவையும் மலையோட உயரம் கூடிக்கிட்டே போகுது. எங்க அண்ணாமலை சுமார் 2,600 அடிதான். பாறையும் முள்ளுமா இருக்கும். பங்குனியில ஏறினா கால் பொரிஞ்சுடும். இங்கே பனியும் கிடையாது, லாமாவும் கிடையாது. சினிமாக்காரனுக்கு இது பத்தலை போல.

ஆனா அந்தப் பனிமலையில ஒரு காட்சி வெச்சிருக்காங்க பாருங்க. உச்சியில ஒரு சின்னக் குடிசை. லாரி தன்னந்தனியா. கூட சில புத்தகம். விறகு தீந்து போச்சு, குளிர் கொல்லுது. ஒரு கட்டத்துல படிச்சுக்கிட்டிருந்த புத்தகத்தோட தாளைக் கிழிச்சு நெருப்புல போட்டுக் குளிர் காயறான். நாவல்ல கிடையாது இது. வசனமே இல்லாம, படிப்பு எது வரைக்கும் கூட வரும்ங்கறதை ஒரு நிமிஷத்துல சொல்லிடறாங்க. நாவல்ல மாம் பக்கம் பக்கமா வேதாந்தம் பேசறதை விட இது எனக்குப் பிடிச்சது. கீழே இறங்கறதுக்கு முன்னாடி, மலை உச்சியில இருந்துக்கிட்டு மகானா இருக்கறது சுலபம்தான்னு லாரி சொல்றதா ஒரு வசனமும் உண்டு. இதைப் பத்திப் பின்னாடி பேசுவோம்.

நிற்க. இந்தப் படத்தை நான் இப்ப எதுக்கு எடுத்து வெச்சுப் பாத்தேன்னு சொல்லணும் இல்லையா.

எங்க வீட்டுலயும் ஒரு லாரி வந்து நிக்குதுங்க.

பையனுக்கு 27 வயசு. பெங்களூர்ல சாஃப்ட்வேர் வேலை, நல்ல சம்பளம். போன ஆடி மாசம் ரெண்டு பையைத் தூக்கிட்டு வந்து இறங்கினான். லீவான்னு கேட்டேன். இல்லப்பா, வேலையை விட்டுட்டேன்னான். கம்பெனி அனுப்பலை, அவனாத்தான் எழுதிக் கொடுத்திருக்கான். வேற எங்கயாவது கிடைச்சிருக்கான்னு கேட்டா, இல்லை. மேல படிக்கப் போறியா? இல்லை. பின்ன என்னடா பண்ணப் போறே?

"கொஞ்ச நாள் சும்மா இருக்கேன்பா."

வேற எந்த ஊர் அப்பனா இருந்தாலும் இதுக்குத் திட்டிடலாம். திருவண்ணாமலை அப்பன் எப்படித் திட்டறது? எங்க ஊர் கோபுரத்துல ஏறிக் குதிச்ச அருணகிரிநாதருக்கு முருகன் பண்ணின உபதேசமே சும்மா இருங்கறதுதான்னு சின்ன வயசுலேருந்து கதை சொல்லி வளர்த்தது நான்தானே! எங்க ஊர்ல ஒரு மகான் அம்பது வருஷத்துக்கு மேல சும்மா இருந்ததுக்குத்தானே உலகமே இங்க வருது. ஊரான் பிள்ளை சும்மா இருந்தா ஞானம், நம்ம பிள்ளை சும்மா இருந்தா தண்டச்சோறான்னு கேட்டுட்டா?

அவன் அப்படியெல்லாம் கேக்கலை. அதுதான் இன்னும் கஷ்டமா இருந்தது. விடியக்காலை நாலு மணிக்கு எழுந்து கிரிவலம் போவான். பதினாலு கிலோமீட்டர். ஏழரைக்குத் திரும்பி வந்து பாட்டிக்குக் கஞ்சி ஆத்திக் கொடுப்பான். அப்புறம் புத்தகம். பேச்சு ரொம்பக் குறைவு. எதிர்வீட்டுப் பெரியவர் "பையன் சாமியாராயிடுவான் போலருக்கே" ன்னு சிரிச்சுக்கிட்டே கேட்டார். அவருக்கு அது சிரிப்பு. எங்க தங்கமணி அன்னிக்கு ராத்திரி சாப்பிடலை.

ஏன்னா ஆரணியிலேருந்து ஒரு சம்பந்தம் வந்திருந்தது. பொண்ணும் வேலைக்குப் போறவ. ரெண்டு பேரும் பேசிப் பிடிச்சுப் போய், பூ வைக்க நாள் பாக்கற வரைக்கும் வந்துடுச்சு. இவன் வேலையை விட்டதை இவனே போன் பண்ணி அந்தப் பொண்ணுகிட்ட சொல்லியிருக்கான். மறுவாரம் பொண்ணோட அப்பா எனக்குப் பேசினார். கோபமா ஒரு வார்த்தை இல்லை. "கொஞ்ச நாள் போகட்டுங்க, பாப்போம்" னார். நம்ம ஊர்ல அதுக்கு என்ன அர்த்தம்னு உங்களுக்கே தெரியும்.

இந்த நிலைமையிலதான் ஒரு ஞாயித்துக்கிழமை ராத்திரி, அவன் லேப்டாப்பை டிவியில மாட்டி 1984 படத்தைப் போட்டான். நான் சொல்லிக் கேள்விப்பட்டுத் தேடி எடுத்திருக்கான். தங்கமணியும் வந்து உக்காந்தாங்க. அவங்களுக்கு அந்த இங்கிலீஷ் வேகம் பிடிபடாது. அதனால இவன் அப்பப்ப தமிழ்ல சொல்லிக்கிட்டே வந்தான்.

இனிமே நீ என்னதான் பண்ணப் போறேன்னு ஐசபெல் லாரியைக் கேக்கற இடம் வந்தது. தங்கமணி, "என்ன சொல்றான்?" னு கேட்டாங்க.

"சும்மா இருக்கப் போறேங்கறான்மா" ன்னான் இவன்.

நாவல்ல மாம் போட்டிருக்கிற வார்த்தைக்கு இதைவிட நல்ல தமிழ் இருக்க முடியாது. ஆனா அந்த நேரத்துல அதை ரசிக்கிற மனநிலையில நாங்க யாரும் இல்லை. டிவி சத்தம் மட்டும் கேட்டுக்கிட்டிருந்தது. கொஞ்ச நேரம் கழிச்சு தங்கமணி சொன்னாங்க: "அந்தப் பொண்ணு கேட்டதுல என்ன தப்பு?"

யாரும் பதில் சொல்லலை.

படத்தோட பின்பாதியில ஐசபெல் ஒரு பாவம் பண்றா. குடியை விட்டுட்டு லாரியைக் கட்டிக்கத் தயாரா இருக்கற சோஃபியை, வேணும்னே குடிப் பக்கம் திரும்பவும் தள்ளி விட்டுடறா. சோஃபி கடைசியில செத்துப் போறா. நாவல்லயும் அப்படித்தான். படம் முடிஞ்சதும் தங்கமணி கேட்டாங்க பாருங்க ஒரு கேள்வி. நான் படிச்ச எந்த விமர்சனத்துலயும் அந்தக் கேள்வி இல்லை.

"தேடிப் போறவனுக்கு ஒரு கதை வெச்சிருக்காங்க. வீட்டுல இருக்கறவளுக்கு ஏன் வில்லி வேஷம் மட்டும்? அவ ரெண்டு வருஷம் காத்திருந்தாளே, அதுக்கு ஒரு சீனும் இல்லையே? நம்ம பகவானோட அம்மா கதையும் அப்படித்தானே?"

பையன் நிமிந்து பாத்தான். நானும்தான்.

ரமணர் வீட்டை விட்ட கதை எங்க ஊர்ல எல்லாருக்கும் மனப்பாடம். 1896 ஆகஸ்ட் 29. மதுரை. வயசு பதினாறு. காலேஜ் சம்பளம் கட்டச் சொல்லி அண்ணன் கொடுத்த அஞ்சு ரூபாயில மூணை எடுத்துக்கிட்டு, ரெண்டு ரூபாயைச் சீட்டோட வெச்சுட்டுக் கிளம்பினார். வழியில கீழூர்ல காதுக் கடுக்கனை அடகு வெச்சு நாலு ரூபாய் வாங்கினார். அடகுச் சீட்டைக் கிழிச்சுப் போட்டார். செப்டம்பர் 1ஆம் தேதி திருவண்ணாமலை. அதுக்கப்புறம் 1950 ஏப்ரல் 14ல காலமாகற வரைக்கும் இந்த ஊரை விட்டு நகரவே இல்லை.

ரெண்டு வருஷம் கழிச்சு, 1898 டிசம்பர்ல, அம்மா அழகம்மாள் தேடிக்கிட்டு வந்தாங்க. அப்ப அவர் பவழக்குன்றுல இருந்தார். அழுக்கு வேட்டி, சடை விழுந்த தலை. நாள் கணக்கா அழுது கூப்பிட்டுப் பாத்தாங்க. அவர் வாயே திறக்கலை. பக்கத்துல இருந்தவங்க கெஞ்சினப்புறம் ஒரு தாள்ல எழுதிக் கொடுத்தார். நடக்கறது நடந்தே தீரும், மௌனமா இருக்கறதுதான் நல்லதுங்கற அர்த்தத்துல. அம்மா திரும்பிப் போனாங்க. இதை எழுதறப்பவே எனக்கு என்னமோ பண்ணுது. அந்தத் தாளைப் பத்தி எத்தனையோ பேர் வியாக்கியானம் எழுதியிருக்காங்க. அந்த அம்மா ஊருக்குத் திரும்பிப் போன ராத்திரியைப் பத்தி ஒருத்தரும் எழுதினதா நான் படிச்சதில்லை.

இதைத்தான் தங்கமணி கேட்டது.

அன்னிக்கு ராத்திரி பையன்தான் மிச்சக் கதையைச் சொன்னான். எனக்கும் தெரிஞ்ச கதைதான். அவன் வாயால அவங்க அம்மாகிட்ட சொல்லிக் கேக்கறது வேற மாதிரி இருந்தது.

1916ல அந்த அம்மா நிரந்தரமா இங்கேயே வந்துட்டாங்க. அப்ப ரமணர் மலைமேலதான், முதல்ல விரூபாட்ச குகை, அப்புறம் கந்தாசிரமம். அம்மாதான் அங்க சமைச்சுப் போட ஆரம்பிச்சாங்க. ஆறு வருஷம். 1922 மே 19ல அவங்க கடைசி மூச்சு விடறப்ப, மகன் ஒரு கையை நெஞ்சுலயும் ஒரு கையைத் தலையிலயும் வெச்சுக்கிட்டுப் பக்கத்துலயே உக்காந்திருந்தார். மலை அடிவாரத்துல அடக்கம் பண்ணினாங்க. அதுக்கப்புறம் ரமணர் அடிக்கடி மலையிலேருந்து இறங்கி அந்தச் சமாதிக்கு வந்து போவார். அந்த டிசம்பர்ல ஒரு நாள் வந்தவர் திரும்பி மேலே போகலை. அங்கேயே தங்கிட்டார். இன்னிக்கு நாம பாக்கற ரமணாசிரமம் அப்படி வந்ததுதான். உள்ளே இருக்கற மாத்ருபூதேஸ்வரர் கோயில் அந்த அம்மாவோட சமாதி மேல கட்டினது. 1949ல கும்பாபிஷேகம் ஆச்சு.

இப்ப யோசிச்சுப் பாருங்க. மூணு தடவை (நாவலையும் சேத்து) லாரியை மலைமேல ஏத்தினாங்க. ஆனா எதைப் பாத்து இந்தக் கதையை எழுதினாங்களோ, அந்த நிஜ மனுஷன் மலையிலேருந்து கீழே இறங்கி வந்தவர். அதுவும் யாருக்காக இறங்கினார்? எந்த அம்மாவைத் தாள்ல எழுதித் திருப்பி அனுப்பினாரோ, அந்த அம்மாவோட சமாதிக்காக. 1938ல மாம் வந்து மயங்கி விழுந்த இடமே அம்மாவால உண்டான இடம்தான். ஜன்னல் வழியா எட்டிப் பாத்தவருக்கு இது கண்ணுல படலை. அவர் கதையில ஸ்ரீ கணேசாவுக்குப் பின்னாடி அப்படி ஒரு தாயார் நிக்கலை.

ஆனா பில் மர்ரே படம், ஸ்ரீ கணேசாவையே தூக்கிப் போட்டுட்டு, லாமா அது இதுன்னு ஊரை மாத்தி என்னென்னவோ பண்ணிட்டு, எப்படியோ சுத்தி வளைச்சு அந்த இடத்துக்கிட்ட வந்துடுது. மலை உச்சியில மகானா இருக்கறது சுலபம்னு சொல்லிட்டு இறங்கற லாரி, கீழே வந்து கிரேயோட தலைவலியைப் பாக்கறான், சோஃபியைக் குடியிலேருந்து மீட்கப் பாக்கறான், தோத்தும் போறான். விமர்சகர்கள் மர்ரேவோட முகத்துல ஞானம் தெரியலைன்னு எழுதினாங்க. எனக்கு அதுதான் பிடிச்சது. டைரோன் பவர் மூஞ்சியில மலையிலேருந்து வந்ததும் ஒரு ஒளி வட்டம் தெரியும். மர்ரே போன மாதிரியேதான் திரும்பி வருவார், அதே நக்கல், அதே சோர்வு. நான் தினம் செங்கம் ரோட்டுல பாக்கற முகம் அப்படித்தான் இருக்கு.

படத்துல சரியா வராத விஷயம் ஒண்ணு இருக்கு, காசு. இதுல நாவல்தான் நேர்மை. லாரிக்கு வருஷத்துக்கு மூவாயிரம் டாலர் வருமானம் உண்டுன்னு மாம் முதல்லயே சொல்லிடறார். சும்மா இருக்கறதுக்கும் மூலதனம் வேணும்ங்க! ரமணர்கிட்ட அது இல்லை. மூணு ரூபாயும் ஒரு ஜோடி கடுக்கனும்தான். ஆனா, வீட்டை விட்டு வந்துடட்டுமான்னு தன்னைக் கேட்ட குடும்பஸ்தர்களுக்கு அவர் அவ்வளவா உற்சாகம் கொடுத்ததில்லை. எங்க போனாலும் மனசு கூடவே வரும், அதைப் பாருன்னுதான் சொல்லுவார். தான் பண்ணினதை அவர் அடுத்தவனுக்குச் சிபாரிசு பண்ணலை.

என் பையன் கணக்கு இது: படிப்புக் கடன் இன்னும் கொஞ்சம் பாக்கி. சேமிப்புலேருந்து மாசாமாசம் தவணை போகுது. மாசி வரைக்கும் தாங்கும்னு அவனே ஒரு தாள்ல எழுதி என்கிட்ட கொடுத்தான். தாளைப் பாத்ததும் எனக்குப் பவழக்குன்று ஞாபகம் வந்து ஒரு நிமிஷம் பக்குனு ஆயிடுச்சு. பிரிச்சா உள்ளே வெறும் கூட்டல் கழித்தல். அப்பாடா.

மாசிக்கு அப்புறம்? தெரியலை. அவனுக்கும் தெரியலைங்கறான். ஆரணிக்கு நான் திரும்பப் பேசலை. தங்கமணி பேசினாங்க, அந்தப் பொண்ணுகிட்டயே. "எங்களுக்காகக் காத்திருக்க வேணாம்மா. உனக்கு நல்ல இடமா அமைஞ்சா பண்ணிக்கோ" ன்னு சொல்லிட்டாங்க. வில்லி வேஷத்துலேருந்து ஒரு பொண்ணையாவது காப்பாத்திட்டேன்னு அவங்களுக்கு ஒரு திருப்தி. அந்தப் பொண்ணு என்ன பதில் சொன்னான்னு கேட்டேன். "அது எங்களுக்குள்ள" ன்னுட்டாங்க.

சரி மக்களே, பதிவு நீண்டு போச்சு. சிபாரிசு இதுதான்: முதல்ல நாவலைப் படிங்க. வேதாந்தப் பக்கங்கள்ல தூக்கம் வந்தா தாண்டிப் போங்க, ஐசபெல் பேசற இடத்தை மட்டும் தாண்டாதீங்க. அப்புறம் 1984 படம். நேரமிருந்தா 1946, ஆன் பாக்ஸ்டருக்காக. முடிஞ்சா வீட்டுல அம்மாவோ மனைவியோ பக்கத்துல இருக்கறப்ப பாருங்க. அவங்க கேக்கற கேள்விக்கு உங்ககிட்ட என்ன பதில் இருக்குன்னு எனக்கும் வந்து சொல்லுங்க.

பின்குறிப்பு: எங்க ஊருக்கு வந்தா கந்தாசிரமம் வரைக்கும் ஏறுங்க, நல்லதுதான். ஆனா இறங்கி வந்து மாத்ருபூதேஸ்வரர் சன்னதியில ஒரு அஞ்சு நிமிஷம் உக்காந்துட்டுப் போங்க. செருப்பை வாசல்லயே விட்டுடுங்க. பூட்ஸா இருந்தாலும் சரி :)